புகலிடமும் இல்லமும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அன்றைய தினமே, சில மணி நேரத்துள், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும், அதற்குத் துணையாகச் சென்ற வாம்பயர் என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் மூழ்கடிக்கப்பட்டன. ஹெர்மிஸ் கப்பலில் மாத்திரம் 307 பேர் மாண்டனர். உயிர் தப்பிய அறுநூற்றுவர் அளவினரை வீட்டா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டெடுத்தது; சிலர் நீந்தியே கரையை அடைந்தனர். இதற்கு நான்கு நாட்களின் முன்னர், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டிருந்தது. உலக யுத்தம் என்பது பத்திரிகையில் வாசிக்கும் செய்தியாக இருந்த காலம் போய், கிழக்குக் கரையின் மக்கள் தம் கடலிலேயே அதனைக் காணும் காலம் வந்துவிட்டது.

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 25 மைல் தொலைவில் கல்முனை அமைந்திருக்கிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களும் ஒரே சரத்தில் கோத்த மணிகளைப்போல இக்கரையில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அக்காலத்தில் இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தின் பாகமாகவே இருந்தது; அம்பாறை மாவட்டம் தனியாக வகுக்கப்பட்டது 1961ஆம் ஆண்டிலேயாம்.

போர் நெருங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் எழுகின்ற முதற் கேள்வி, ‘பிள்ளைகளை எங்கே அனுப்புவது?’ என்பதாகும். அரசாங்கங்கள் இக்கேள்விக்கு விடை காண முயல்கின்றன. புகைவண்டிகள், கப்பல்கள், முகாம்கள், பங்கீட்டு அட்டைகள் எல்லாம் அதற்காக ஏற்படுவனவே. ஆனால் இரண்டாவது கேள்வி ஒன்றுண்டு. ‘போன இடத்தில் அப்பிள்ளை யாருடைய பிள்ளையாக வாழும்?’ என்பதே அது. முதற் கேள்வியின் விடையை வரலாற்று நூல்கள் எண்களால் எழுதிவைத்திருக்கின்றன. இரண்டாவதன் விடை பெரும்பாலும் முதியோரின் நினைவிலும், சிறுவர்க்கெனப் புனையப்பட்ட கதைகளிலும் தங்கியிருக்கின்றது. இவ்விரு கேள்விகளையும் சேர்த்து நோக்கினாலன்றிப் போர்க்காலப் பிள்ளைகளின் வரலாறு முழுமை பெறாது.

பிள்ளைகளைப் பெருந்தொகையாக இடம்பெயர்த்த நிகழ்ச்சிகளுள் உலகம் நன்கறிந்தது பிரித்தானியாவில் நடைபெற்றது. 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் தேதி, யுத்தப் பிரகடனத்துக்கு இரண்டு நாட்களின் முன்னரே, இலண்டன் முதலிய பெருநகரங்களிலிருந்து வெளியேற்றம் தொடங்கிற்று. மூன்று நாட்களுள் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பாடசாலைப் பிள்ளைகள். கைக்குழந்தையுடைய தாய்மாரும், பிள்ளைகளுக்குத் துணையாக ஆசிரியர்களும் உடன் சென்றனர். ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் பெயரெழுதிய சீட்டு ஒன்று கட்டப்பட்டது. தோளில் நச்சுப்புகை முகமூடி. கையில் ஒரு சிறு பை. பிள்ளை எந்த ஊருக்குப் போகிறது என்பதைப் பல தாய்மார் அறியார். போய்ச் சேர்ந்தபின் பிள்ளை எழுதும் அஞ்சலட்டையே அவர்களுக்கு முகவரி கொண்டுவரும்.

கிராமத்து மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையாக நிறுத்தப்பட்டனர். ஊரார் வந்து தமக்கு வேண்டியவரைத் தெரிந்தெடுத்துச் சென்றனர். சுத்தமாகவும் திடகாத்திரமாகவும் தோன்றிய பிள்ளைகள் முதலிற் போயினர். மெலிந்தவரும், தம்பி தங்கையரின் கையை விடமாட்டேன் என்று நின்றவரும் கடைசிவரை காத்திருந்தனர். தனிப் பிள்ளை ஒன்றை ஏற்றவர்க்கு வாரந்தோறும் 10 ஷில்லிங் 6 பென்ஸ் அரசாங்கத்தால் வழங்கப்பட்டது. உணவும் படுக்கையும் கிடைத்தன; அன்பு கிடைத்ததோ இல்லையோ என்பது வீட்டுக்கு வீடு வேறுபட்டது. சில வீடுகளில் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் மறவாத பாசத்தைக் கண்டனர். சில வீடுகளிலோ வேலைக்காரராக நடத்தப்பட்டனர். எதிர்பார்த்த குண்டுவீச்சு உடனே நிகழாமையால், 1940ஆம் ஆண்டு தொடக்கத்திற்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆபத்து நிறைந்த நகருக்கே திரும்பிவிட்டனர். ‘இடிந்தாலும் எங்கள் வீடு’ என்று எண்ணிய அக்குழந்தை மனம் ஆராயத்தக்கது.

இவ்வனுபவம் ஆங்கிலத்தில் ஒரு சிறுவர் இலக்கிய மரபையே தோற்றுவித்தது. 1950இல் வெளிவந்த சி. எஸ். லூயிஸ் அவர்களின் மாயக் கதையிற்கூட, நான்கு பிள்ளைகள் இலண்டனிலிருந்து ஒரு முதிய பேராசிரியரின் வீட்டிற்கு அனுப்பப்படுவதிலிருந்தே கதை ஆரம்பமாகின்றது. நீனா போடன் என்னும் பெண்மணி தாமே வேல்ஸ் நாட்டிற்கு இடம்பெயர்க்கப்பட்ட சிறுமி. அவ்வனுபவத்தைப் பின்னணியாகக் கொண்டு 1973இல் ஒரு நாவல் எழுதினார். மிஷெல் மகோரியன் பிறந்ததோ 1947இல். போரைக் கண்ணால் கண்டவரல்லர். ஆயினும் 1981இல் அவர் எழுதிய சிறுவர் நாவல் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றது. தாயின் கொடுமையால் ஒடுங்கிப்போன இலண்டன் சிறுவன் ஒருவன், மனைவியை இழந்து தனித்து வாழும் ஒரு கிழவரிடம் ஒப்படைக்கப்படுவதும், அவ்விருவரும் ஒருவரால் ஒருவர் உயிர் பெறுவதுமே அதன் கதை. சிறுவர்க்குரிய வரலாற்றுப் புனைகதை எப்படி அமையவேண்டும் என்பதற்கு இந்நூல் ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டும் நிகழ்ச்சியும் வரலாற்றிலிருந்து வருகின்றன. அவற்றினுள்ளே ஒரு பிள்ளையின் நெஞ்சை வைத்துப் பார்ப்பது கதாசிரியரின் பணியாகின்றது.

ஆனால் அன்பு மாத்திரம் இருந்தாற் போதுமா? இவ்வினாவுக்கு விடை தருவது பின்லாந்து நாட்டின் அனுபவம். சோவியத் நாட்டுடன் நிகழ்ந்த போர்களின்போது பின்லாந்திலிருந்து ஏறக்குறைய 70,000 பிள்ளைகள், பெரும்பாலும் சுவீடனுக்கு, அனுப்பப்பட்டனர். அங்கே பலர் அன்போடு வளர்க்கப்பட்டனர். போர் முடிந்து திரும்பிய வேளையில், சிறு வயதிற் சென்றவர்கள் தாய்மொழியாகிய பின்னிய மொழியை மறந்திருந்தனர். பெற்ற தாய் பேசுவது பிள்ளைக்கு விளங்கவில்லை. பிள்ளை பேசுவது தாய்க்கு விளங்கவில்லை. முதற் பிரிவில் தாயை இழந்த பிள்ளை, இரண்டாம் பிரிவில் வளர்த்த தாயையும் இழந்தது. சில ஆயிரம் பிள்ளைகள் சுவீடனிலேயே தங்கிவிட்டனர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1938, 1939ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவுக்கு வந்த ஏறக்குறைய 10,000 பிள்ளைகளின் நிலையும் இத்தகையதே. அவர்களுட் பெரும்பாலோர் யூதர். பலர் தம் பெற்றோரை மீண்டுங் காணவேயில்லை. கருணையுள்ள வீடுகளிலே வளர்ந்தும், தம் மதமும் மொழியும் யாவை என்பதை அறியாமலே வளர்ந்தவர் அவர்களுட் சிலர்.

இதற்கு மாறான ஓர் உதாரணம் இந்தியாவில் உண்டு. 1939இல் சோவியத் படை கிழக்குப் போலந்தைக் கைப்பற்றியபின், இலட்சக்கணக்கான போலந்து மக்கள் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் நாடுகடத்தப்பட்டனர். பட்டினியாலும் நோயாலும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர். 1941இல் ஏற்பட்ட உடன்பாட்டின் பயனாக இவர்கள் விடுவிக்கப்பட்டபோது, அவர்களை ஏற்க எத்தனையோ நாடுகள் தயங்கின. அவ்வேளையில் குஜராத்துக் கரையிலிருந்த நவநகர் சமஸ்தானத்தின் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி, ‘என் நாட்டுக்கு வரட்டும்’ என்றார். 1942ஆம் ஆண்டில், கடலோரமாகவுள்ள பாலாச்சடி என்னும் இடத்தில் அவர் தம் கோடை மாளிகைக்கு அருகே அப்பிள்ளைகளுக்கென ஒரு முகாம் அமைத்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பாரவண்டிகளிலும் புகைவண்டியிலும் நெடுந்தூரம் பயணஞ் செய்து அங்கே வந்து சேர்ந்தனர்.

அம்மன்னர் அவர்களை வரவேற்றபோது, ‘இனி நீங்கள் அநாதைகள் அல்லர், நவநகர் மக்கள் அனைவருக்கும் தந்தையாகிய நானே உங்களுக்கும் தந்தை’ என்னும் கருத்துப்படப் பேசியதைப் பிள்ளைகள் முதுமையிலும் நினைவு கூர்ந்தனர். ஆயினும் அவர் செய்தவற்றுள் மிகச் சிறந்தது இதுவன்று. அவர்களை இந்தியப் பிள்ளைகளாக்க அவர் முயலவில்லை என்பதே அச்சிறப்பு. போலந்து ஆசிரியர்கள் போலந்து மொழியிலேயே பாடம் சொல்லினர். கத்தோலிக்கராகிய அப்பிள்ளைகளை அவர்களுடைய மதகுருவே மேற்பார்வை செய்தார். முகாமின் பொறுப்பும் பிளூட்டா என்னும் அப்பாதிரியாரிடமே இருந்தது. பிள்ளைகள் நடித்த போலந்து நாடகங்களை மன்னர் நேரில் வந்து கண்டு களித்தார். நாள்தோறும் பரிமாறப்பட்ட அவித்த கீரையை உண்ணமாட்டோம் என்று பிள்ளைகள் மறுத்தபோது, இனிக் கீரை சமைக்க வேண்டாம் என்று அவர் கட்டளையிட்டதையும் அவர்கள் நகைப்போடு சொல்வதுண்டு. 1946இல் முகாம் மூடப்பட்டது. இன்று வார்சோ நகரில் ஒரு சதுக்கமும் ஒரு பாடசாலையும் அம்மன்னரின் நினைவைத் தாங்கி நிற்கின்றன.

இவ்வுதாரணங்களை ஒப்புநோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. கூரையும் சோறும் தந்தது புகலிடம். அவற்றோடு அன்பையும் தந்தது வளர்ப்பு வீடு. பிள்ளையை ஏற்கும்போது, அப்பிள்ளையின் பெயரையும் மொழியையும் இழந்த தாய்தந்தையரின் நினைவையும் கூடவே ஏற்றுக்கொண்டதுதான் இல்லம். இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு மீண்டும் கல்முனைக் கரைக்கு வருவோர்க்கு, அங்கே எண்ணிப் பார்க்கத்தக்க செய்திகள் பலவுண்டு.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் குண்டுவீச்சின் பின் இலங்கையிலும் பெரும் இடப்பெயர்ச்சி நிகழ்ந்தது. கொழும்பிலும் திருகோணமலையிலும் வாழ்ந்தோர் பலர் உள்ளூர்க் கிராமங்களை நாடினர். கொழும்பின் பெரும் பாடசாலைக் கட்டடங்கள் சிலவற்றை இராணுவம் பொறுப்பேற்றது. கல்கிசைப் பரி தோமஸ் கல்லூரியின் ஒரு பகுதி மலைநாட்டுக் குருத்தலாவைக்குச் சென்றது. விசாகா வித்தியாலயம் பண்டாரவளைக்குப் பெயர்ந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வாறு ஒரு வழி பிறந்தது. வசதியற்றோர் உறவினர் வீடுகளையே நம்பினர்.

கல்முனைக்குப் போர் வேறொரு வடிவத்தில் வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. இலங்கை மக்கள் உண்ட அரிசியின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தமையால், கூப்பன் அரிசியும் கோதுமை மாவுமாக நாடு தத்தளித்தது. நெல் விளையும் கிழக்குக் கரையை அரசாங்கம் நோக்கியது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று அவ்வாண்டிலே திறக்கப்பட்டது. அதன் உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த அவர், இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதலாவது முஸ்லிம். அப்போது அவருக்கு வயது முப்பது.

நெல்லைத் தேடி வந்த அவ்வதிகாரியின் கண்ணில் பிள்ளைகளும் பட்டனர். படிக்கும் ஆற்றல் இருந்தும், பணமின்மையால் வயலுக்கும் கடலுக்கும் போய்விடும் முஸ்லிம் சிறுவர் பலரை அவர் கண்டார். அவ்வாண்டிலேயே, ஊர்ப் பெரியோரின் துணைகொண்டு, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அவர் நிறுவினார். ஏழை மாணவருக்கு உதவி வழங்குவதே அதன் நோக்கம். அந்த வித்தே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியமாக நாடு முழுவதற்கும் நிழல் தரும் மரமாயிற்று. பின்னர் 1948 முதல் 1961 வரை அஸீஸ் அவர்கள் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். போரின் பொருட்டு ஏற்பட்ட ஒரு கச்சேரி, போரின் நோக்கத்தில் இல்லாத ஒரு நன்மையைப் பெற்றுத் தந்தது.

அயலூராகிய காரைதீவு தந்த பெரியாரும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவர். 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர், மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அதனோடு இணைந்த மாணவர் இல்லத்தில், ஆதரவற்ற பிள்ளைகள் தமிழும் சமயமும் கற்று வளர்ந்தனர். தன் மண்ணின் மொழியில், தன் பெயரோடு வளரும் வாய்ப்பை அவ்வில்லம் அவர்களுக்கு அளித்தது.

எனினும் நிறுவனங்களுக்கு முந்தியது இக்கரையின் குடும்ப அமைப்பு. இங்கே முஸ்லிம்களும் தமிழரும் ‘குடி’ என்று வழங்கும் பிரிவு தாய்வழியே வருவது. பிள்ளை தாயின் குடியையே சேரும். பள்ளிவாசல் நிருவாகத்திற்கூடக் குடிக்கொரு மரைக்காயர் இருப்பது பழைய வழக்கம். பெண்ணுக்குத் திருமணமாகும்போது பெற்றோர் வீடொன்றைச் சீதனமாகக் கொடுப்பர். கணவன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வான். அடுத்த மகளுக்கு அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொரு வீடு எழும். ஆகவே உம்மாவின் வீட்டுக்கு அருகே சாச்சியின் வீடு; அதற்கப்பால் மூத்தம்மாவின் வீடு. கிடுகு வேலியில் ஒரு கண்டாயம் இருந்தாற் போதும், பிள்ளைக்கு மூன்று வீடும் ஒன்றே.

இதன் பயன் துன்பக் காலத்திலே தெரியும். தாயை இழந்த பிள்ளை, தாயின் சகோதரியுடைய வீட்டிலே வளர்கின்றது. ஊர் மாறவில்லை, குடி மாறவில்லை, பேச்சு மாறவில்லை. தாயைப் பற்றிச் சொல்ல அவளோடு கூடப்பிறந்தவளே அங்கு இருக்கின்றாள். இங்கிலாந்தில் அரசாங்கம் வாரப்படி கொடுத்தும் எல்லா வீடுகளிலும் உண்டாக்க இயலாத ஒன்றை, இக்கரையின் வழக்கம் ஓசையின்றிச் செய்துவந்தது.

மார்க்கமும் இதற்குத் துணைநின்றது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்கவேண்டும் என்பது திருக்குர்ஆன் காட்டும் நெறி. அநாதையின் பொருளைக் காத்து, உரிய வயதில் அவரிடமே ஒப்படைக்குமாறும் அது கட்டளையிடுகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பிறக்குமுன் தந்தையையும், ஆறு வயதில் அன்னையையும் இழந்தவர்கள். பாட்டனார் அப்துல் முத்தலிபும், பின்னர் பெரிய தந்தை அபூதாலிபும் அவர்களை வளர்த்தனர். அபூதாலிபின் வீட்டில் வளர்ந்தும் அவர்கள் அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத் என்றே அறியப்பட்டார்கள். வளர்த்தவரின் அன்பு, பெற்றவரின் பெயரை அழிக்கவில்லை. பாலாச்சடியில் ஒரு மன்னர் தம் பெருந்தன்மையாற் கண்டறிந்ததும் இந்நெறியையே ஒத்தது.

இவ்வமைப்பு பெருஞ் சோதனைகளுக்கும் உள்ளாயிற்று. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, அம்பாறைக் கரையின் தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் அகதி முகாம்களாயின. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். நூற்றாண்டுகளாக அடுத்தடுத்து வாழ்ந்த ஊர்கள் ஒன்றையொன்று அஞ்சி நோக்கிய காலம் அது. இரு சமூகத்துப் பிள்ளைகளும் அக்காலத்தில் பெற்றோரை இழந்தனர். ஒரு தெருவின் அழுகை மறு தெருவின் அழுகையிலும் குறைந்ததன்று.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையோ, வளவோடு வளவாக இருந்த வீடுகளை ஒருங்கே கொண்டுபோயிற்று. இலங்கையில் மிக அதிகமான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே ஏற்பட்டது. உம்மாவின் வீட்டோடு சாச்சியின் வீடும் போனால் பிள்ளை எங்கே செல்லும்? அவ்வேளையில், பாதிக்கப்பட்ட பிள்ளைகளை வெளியார் தத்தெடுப்பதை அரசாங்கம் தடுத்துவைத்தது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் வழிவகுத்தது.

அவ்வாழிப்பேரலை நாளில் இடிபாடுகளுக்கிடையே மீட்கப்பட்ட ஒரு சிசு, கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட செய்தியை உலகமே அறிந்தது. தம் பிள்ளையை இழந்தோர் பலர் அச்சிசுவைத் தம்முடையதோ என்று வந்து பார்த்தனர். அக்கண்ணீரில் பொய் இருந்ததென்று எவர் கூறுவார்? ஆயினும் நீதிமன்றம் மரபணுச் சோதனைக்குக் கட்டளையிட்டு, 2005 பெப்ரவரியில் உண்மையான பெற்றோரிடமே சிசுவை ஒப்படைத்தது. பிள்ளைக்கு அன்பு தேவை. தான் யாருடைய பிள்ளை என்னும் உண்மையும் அதேயளவு தேவை என்பதை அத்தீர்ப்பு உணர்த்திற்று.

இனி, இவ்வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கின்றது என்று நேயர்கள் வினவலாம். ஒவ்வொரு பாடசாலை அதிபரின் மேசையிலும் சேர்விடாப்பு என்னும் பெரிய புத்தகம் ஒன்றுண்டு. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் பெயர், முன்பு கற்ற பாடசாலை, விலகிய தேதி எல்லாம் அதில் நிரல் நிரலாக இருக்கும். அமைதியான ஆண்டுகளில் அது வெறும் பதிவே. இடர்க்காலத்திலோ அதன் நிரல்கள் பேசத் தொடங்குகின்றன. ஒரே வாரத்தில் முப்பது புதுப் பெயர்கள் சேர்ந்திருக்குமாயின், எங்கோ ஓர் ஊர் கலைந்திருக்கின்றது. விடுகைப் பத்திரம் இன்றிச் சேர்க்கப்பட்ட பிள்ளை, ஓடிவந்த பிள்ளை. பாதுகாவலர் என்னும் இடத்தில் தந்தையின் பெயருக்குப் பதிலாகச் சாச்சியின் கணவர் பெயர் இருக்குமாயின், அங்கே ஒரு வீட்டின் கதவு திறந்திருக்கின்றது. பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயர் அப்படியே நிற்க, பாதுகாவலரின் இடம் மாத்திரம் மாறியிருக்கும் அந்த ஒரு வரியில், புகலிடத்துக்கும் இல்லத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இப்புத்தகங்கள் அழியுந் தன்மையன. கரையான், ஈரம், தீ, வெள்ளம் ஆகிய எல்லாம் அவற்றுக்குப் பகை. 1942இல் ஏழு வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்; அவர் வாயிலாகக் கேட்கக் கிடைக்கும் காலமும் குறுகிவிட்டது. 1990இல் முகாமில் எழுத்துக் கற்ற பிள்ளை இன்று தாயாகவோ தந்தையாகவோ இருக்கின்றார். அவர்தம் நினைவுகள் இன்னும் பசுமையானவை.

ஆதலால் மருதமுனையிலோ நிந்தவூரிலோ காரைதீவிலோ ஓர் ஆசிரியர் சிறுவர்க்கென வரலாற்றுக் கதை எழுத விரும்பினால், இலண்டன் புகைவண்டி நிலையத்தை நாடவேண்டியதில்லை. தம் பாடசாலையின் பழைய சேர்விடாப்பில் ஒரு வரியைத் தெரிந்தெடுத்து, அவ்வரிக்குரியவர் உயிரோடிருப்பின் அவரது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பொறுமையோடு கேட்டால் போதுமானது. ஆனால் மூன்று விதிகளை மறக்கலாகாது. ஆண்டும் நிகழ்ச்சியும் மெய்யாக இருத்தல் வேண்டும். வாழ்கின்ற மனிதரின் பெயரும் மானமும் காக்கப்படுதல் வேண்டும். ஒரு சமூகத்துப் பிள்ளையின் துயரைச் சொல்லும் கதை, மறு சமூகத்துப் பிள்ளை வெட்கமோ வெறுப்போ இன்றி வாசிக்கத்தக்கதாகவும் அமைதல் வேண்டும். காரைதீவுப் பிள்ளையும் சாய்ந்தமருதுப் பிள்ளையும் ஒரே மொழியில் வாசிக்கின்றனர். இருவர் வீட்டிலும் தாய்வழிக் குடி என்பது ஒன்றே.

மாவீரரின் பெயர்களும் மூழ்கிய கப்பல்களின் பெயர்களும் வரலாற்றிற் பதிந்துள்ளன. ஹெர்மிஸ் கப்பல் இன்றும் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கின்றது. அதே காலத்தில், பயந்து வந்த ஒரு பிள்ளைக்குப் பாயை விரித்து, ‘இதுவும் உன் வீடுதான், உன் உம்மாவைப் பற்றிச் சொல், கேட்போம்’ என்று கூறியிருக்கக்கூடிய பெண்மணிகளின் பெயர்கள் எங்கும் பதியப்படவில்லை. அவர்களுடைய செயலைப் பிள்ளைகள் அறியும்படி எழுதிவைப்பதும் வரலாற்றாசிரியரின் கடனேயாகும்.